வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

வீடு வாங்குவது என்று முடிவானதும் முதலில் என்ன செய்கிறோம்? வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். 30 வருஷத்து வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் அட்டை என்று ஒரு ஃபைல் நிறையச் சேர்த்துக்கொண்டு வக்கீலிடம் ஓடுகிறோம். அவரும் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சுத்தமா இருக்கும்மா, தைரியமா வாங்குங்க" என்கிறார். நகையை அடகு வைத்து, சீட்டை எடுத்து, பாங்க் கடனும் வாங்கி, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடி போகிறோம். மூன்றாம் நாள் காலையில் வாசல் தெளிக்கும்போது பக்கத்து வீட்டு அம்மா வந்து நிற்கிறார். "ஏம்மா, இந்தச் சந்து விஷயமா கோர்ட்டுல கேஸ் நடக்குதே, வித்தவங்க உங்ககிட்ட சொல்லலையா?"

வயிற்றில் புளியைக் கரைக்கும் அல்லவா? ஃபைலை எடுத்து எத்தனை தடவை புரட்டினாலும் அதில் சந்து இருக்காது. ஏனென்றால் வில்லங்கச் சான்றில் வருவதெல்லாம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவான சங்கதிகள்தான். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, தானம், விடுதலைப் பத்திரம் போன்றவை வரும். முன்சீப் கோர்ட்டில் நடக்கும் எல்லை வழக்கு பெரும்பாலும் அதில் வராது. போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த மனுவும் வராது. குழாயடியில் தினமும் நடக்கும் சண்டை வரவே வராது!

அப்படியானால் அது யாருக்குத் தெரியும்? விற்கிற வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் காலையில் பஸ் பிடித்து தர்மபுரிக்கோ சேலத்துக்கோ ஓசூருக்கோ போய்விட்டு இருட்டிய பிறகு வருகிறார். சாக்கடைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, யார் வேலியை ஒரு சாண் நகர்த்தி நட்டார்கள், எந்த மரத்து இலை யார் வாசலில் விழுந்து வாய்ச்சண்டை ஆனது என்பதெல்லாம் நமக்குத்தான் மனப்பாடம். நாளைக்கு அந்த வீட்டுக்கு வந்து பகல் முழுக்க அந்தச் சுவரோடு மல்லுக்கு நிற்கப் போவதும் இன்னொரு பெண்தான். வீட்டை விற்கும்போது பக்கத்து வீட்டுத் தகராறைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும் என்று நான் எழுதுவது அதனால்தான்.

முன்பு சொல்லத் தேவை இல்லை

அந்தக் காலத்தில் இதையெல்லாம் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எங்கள் நல்லம்பள்ளி மாதிரி ஊரில் ஒரு வீடு விலைக்கு வந்தால் பங்காளி வாங்குவார், இல்லாவிட்டால் அதே தெருக்காரர் வாங்குவார். அவருக்குத் தெரியாத சண்டையா? இப்போது அப்படி இல்லை. சேலம்-பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர் இது. வேலைக்கென்று வருகிறவர்கள், வாடகை கொடுத்து அலுத்தவர்கள் என்று வெளியூர்க்காரர்களும் வீடு பார்க்க வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் 11 மணிக்கு வந்து, அரை மணி நேரம் சுற்றிப் பார்த்து, காபி குடித்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தெருவின் கதை எப்படித் தெரியும்?

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து" என்பார்கள். அதையே வீடு விற்பதற்கும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் சில தரகர்கள். கல்யாணத்துக்கே அந்தப் பழமொழி எத்தனை பெண்களை அழ வைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியாதா?

சட்டம் சொல்வது என்ன?

"நம்ம வீடு, நம்ம விருப்பம். கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் சும்மா இருப்போம்" என்று நினைப்பவர்கள் உண்டு. சட்டம் அவ்வளவு லேசாக விடவில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டம் என்று 1882-ல் வந்த சட்டம் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. அதன் 55-வது பிரிவில் விற்பவர் கடமையும் வாங்குபவர் கடமையும் வரிசையாக இருக்கின்றன. வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை அதுதான் இருவருக்கும் சட்டம்.

சொத்திலோ அதன் உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் தானாகவே அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்றே அந்தப் பிரிவின் கடைசியில் எழுதியிருக்கிறது. சுவரில் விரிசல் இருந்தால் வாங்குகிறவர் கண்ணிலேயே படும். சந்து யாருடையது என்ற தகராறு எந்தக் கண்ணில் படும்?

இன்னொன்றும் அதே பிரிவில் உண்டு. சொத்தைப் பற்றி வாங்குபவர் கேட்கும் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் தனக்குத் தெரிந்தவரை விற்பவர் பதில் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் குடித்துவிட்டுக் கத்துகிறார், பாட்டை அலற விடுகிறார் என்பதெல்லாம் சொத்தின் குறையா என்று வக்கீல்கள் வாதாடலாம். எல்லை, சந்து, பொதுச்சுவர், தண்ணீர் போகும் வழி, கிணற்றுப் பங்கு ஆகியவற்றில் தகராறு என்றால் அது சொத்தையே தொடுகிற விஷயம். மூடி மறைத்தால் பின்னால் பதில் சொல்ல வேண்டிவரும்.

1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில் ஒரு குதிரைக் கதை இருக்கிறது. நோய் உள்ள குதிரையை ஒருவர் விற்கிறார். சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்தால் மட்டும் அது மோசடி ஆகிவிடாது. வாங்குகிறவர், "நீங்கள் மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நல்ல குதிரைதான் என்று எடுத்துக்கொள்வேன்" என்று சொன்ன பிறகும் பேசாமல் இருந்தால், அந்த மௌனமே பேச்சுக்குச் சமம். வாங்குவது தன் சொந்த மகளாக இருந்தாலோ, கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டிய கடமை உண்டு. 150 வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். வீடு வாங்க வருகிற பெண்ணை ஒரு நிமிஷம் நம் மகளாக நினைத்துப் பார்த்தால், சட்டப் புத்தகமே தேவைப்படாது.

கோர்ட்டில் வழக்கு நடக்கும்போது விற்றால் என்ன ஆகும்? அதே சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, வழக்கின் முடிவு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். பாவம், அவர் கட்டின காசுக்கு வீட்டோடு வழக்கையும் சேர்த்து வாங்கியிருக்கிறார்!

நாம் கையெழுத்துப் போடுகிற கிரயப் பத்திரத்தையும் ஒரு தரம் படித்துப் பாருங்கள். சொத்தில் எந்த வில்லங்கமும் விவகாரமும் இல்லை, பின்னால் ஏதாவது வந்தால் நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துத் தருவேன் என்று பெரும்பாலான பத்திரங்களில் வருகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை என்று தமிழக அரசு கொடுத்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் பத்திரம் நம் பெயரில் இருந்தால், விற்கும்போது அந்த வாக்குறுதிக்குக் கீழே விழுகிற கையெழுத்தும் நம்முடையதுதான். வீட்டுக்காரர் காட்டின இடத்தில் போட்டேன் என்று பிற்பாடு சொன்னால் எடுபடுமா?

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தில் வீடு விற்பவர்களுக்கு அச்சடித்த படிவம் ஒன்றைக் கொடுக்கிறார்கள். அக்கம்பக்கத்தாரோடு ஏதாவது தகராறு உண்டா, தகராறு வரும்படியான விஷயம் ஏதாவது உண்டா என்று அதில் நேராகவே கேட்கிறார்கள். ஒரு தம்பதி அதில் 'இல்லை' என்று எழுதி வீட்டை விற்றார்கள். பாதை, வண்டி நிறுத்துவது, குப்பை கொட்டுவது என்று அங்கே ஏற்கெனவே சண்டை நடந்துகொண்டிருந்தது. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2003-ல் நீதிமன்றம் 67,500 பவுன் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. ஒரே ஒரு 'இல்லை'க்கு!

அமெரிக்காவில் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1992-ல் இந்த விஷயத்தைத் தொட்டது. வேண்டுமென்றே தொல்லை கொடுக்கிற குடும்பம் பக்கத்தில் இருக்கிறது என்பது வீடு பார்க்க வருகிறவருக்குச் சாதாரணமாகத் தெரியவராது, அதனால் விற்பவர் சொல்ல வேண்டும் என்றது. இங்கே நமக்கு அப்படி ஒரு படிவம் இல்லை. நம் வாய்தான் படிவம்.

சொன்னால் நஷ்டம் வராதா?

வரும். வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு விஷயத்தையே சொல்கிறேன்.

மாமனார் கட்டிய வீடு. வடக்குப் பக்கம் 3 அடிச் சந்து. பக்கத்து வீட்டுக் குளியலறைத் தண்ணீர் அந்தச் சந்து வழியாகத் தெருவுக்குப் போகும். சந்து எங்களுடையது என்று நாங்கள், தங்களுடையது என்று அவர்கள். 11 வருஷமாக இதே பேச்சு. ஒருமுறை ஸ்டேஷன் வரை போய் மனு ரசீதோடு திரும்பி வந்தாயிற்று. மகனுக்கு ஓசூரில் வேலை நிலைத்ததும் வீட்டை விற்றுவிட்டு அவனோடு போய்விடலாம் என்று முடிவு செய்தோம்.

தரகர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "சந்துப் பேச்சை எடுக்காதீங்கம்மா, பார்ட்டி ஓடிடும். நீங்க பாட்டுக்கு காபியைக் குடுத்துட்டு உள்ள போயிடுங்க." என் வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை.

கணவன் மனைவியாக வந்தார்கள். அந்தப் பெண் சமையலறையைப் பார்த்தாள், கிணற்றடியைப் பார்த்தாள், பிறகு வடக்குப் பக்கம் எட்டிப் பார்த்து, "இந்தச் சந்து நம்மளுதுதானேக்கா?" என்று கேட்டாள். தரகர் என்னைப் பார்த்தார். "எங்களுதுன்னு நாங்க சொல்றோம், அவங்களுதுன்னு அவங்க சொல்றாங்க. 11 வருஷமா இழுக்குதும்மா" என்றேன். ரசீதையும் எடுத்துக் காட்டினேன். அவர்கள் போனார்கள், திரும்பி வரவே இல்லை.

அப்புறம் இரண்டு மாதம் வீடு பார்க்க ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. வாங்கின கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே போனது. வீட்டில் பேச்சு வாங்கினேன். என் மாமியார் மட்டும், "அந்தப் புள்ள நாளைக்கு இந்த வாசல்ல நின்னு சாபம் குடுத்தா யாருக்கு விழும்? நீ சொன்னது சரிதான், விடு" என்றார்.

அதன் பிறகுதான் தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி சர்வேயரை வரவழைத்து அளந்தோம். பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தே அளந்தார்கள். நிலம் எங்கள் எல்லைக்குள்தான் வந்தது. ஆனால் வக்கீல் இன்னொன்று சொன்னார். ஒரு வழியையோ தண்ணீர்ப் போக்கையோ 20 வருஷம் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு அனுபவித்து வந்தவர்களுக்கு 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் ஓர் உரிமை கொடுக்கிறது. அவர்கள் தண்ணீர் அதற்கும் மேலே ஓடிக்கொண்டிருக்கிறது, சட்டென்று அடைத்துவிட முடியாது என்றார். ஆக, இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. நிலம் எங்களுடையது, தண்ணீர் மண்ணுக்கடியில் குழாய் வழியாகப் போகலாம், குழாய்ச் செலவு பாதிப் பாதி என்று எழுதி இரு வீட்டாரும் கையெழுத்துப் போட்டோம்.

அடுத்து வந்தவர் கணவரை இழந்த ஓர் அம்மா, மகனோடு வந்தார். சர்வேயர் வரைபடத்தையும் அந்த எழுத்தையும் அவர் கையில் கொடுத்தோம். படித்துப் பார்த்துவிட்டு, குழாய் போகிற இடத்தில் கட்டடம் கட்ட முடியாதே என்று 50,000 ரூபாய் குறைத்துக் கேட்டார். கேட்டது நியாயம். குறைத்துக் கொடுத்தோம். இரண்டு மாத வட்டியும் அந்த 50,000-மும் எங்களுக்கு நஷ்டம்தான். ஆனால் இப்போது நான் நல்லம்பள்ளி சந்தைக்கு வந்தாலும் அந்த அம்மாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதில்லை. இந்த நிம்மதிக்கு என்ன விலை போடுவது?

விற்கும் சகோதரிகளுக்கு

* அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு சொன்னால் ஏமாற்றியது போலத்தான் தோன்றும்.

* நடந்ததை மட்டும் சொல்லுங்கள். எந்த வருஷம், எந்த விஷயம், எங்கே மனு கொடுத்தோம், என்ன முடிவானது என்பது போதும். "அவ ஒரு மாதிரி" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணின் குணத்தைப் பேச வேண்டாம். புதிதாக வருகிறவளுக்கு அவளோடு நல்ல உறவு அமையலாம், அதை ஏன் நாம் கெடுக்க வேண்டும்?

* அக்ரிமென்ட்டிலேயே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். வாங்குபவருக்கு விஷயம் தெரியும் என்பதற்கு அவர் கையெழுத்து இருந்தால், "என்னிடம் சொல்லவே இல்லை" என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது. உண்மையைச் சொல்வது வாங்குபவருக்கு மட்டும் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், நமக்கும்தான்.

* முடிந்தால் தீர்த்துவிட்டு விற்கப் பாருங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ம் வருஷத்து சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அந்த உரிமையைக் கொடுக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். லோக் அதாலத்தில் பேசி முடித்தால் அந்தத் தீர்வு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. கோர்ட்டில் இருந்த வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

வாங்கும் சகோதரிகளுக்கு

* ஆண்கள் பத்திரத்தைப் பார்க்கட்டும், நீங்கள் தெருவைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு தரம் பார்த்தது போதாது. தண்ணீர் வருகிற நேரத்தில் ஒரு தரம், விளக்கு வைத்த பிறகு ஒரு தரம் போய்வாருங்கள். எங்கள் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு தொல்லை இருந்ததால் நல்ல தண்ணீருக்கு எத்தனை சண்டை நடந்திருக்கும்! 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் குழாயடி குழாயடிதான். தெருவின் குணத்தை அங்கே பத்து நிமிஷத்தில் தெரிந்துகொள்ளலாம்.

* இரண்டு பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை பேசுங்கள். "நாங்க இங்க வீடு பார்க்க வந்திருக்கோம்க்கா" என்றால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள். ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

* விற்பவர் வீட்டுப் பெண்ணிடமே நேராகக் கேளுங்கள். எல்லையில் தகராறு உண்டா? சந்தில், சுவரில், கிணற்றில், போரில் யாருக்காவது பங்கு உண்டா? யார் வீட்டுத் தண்ணீராவது இந்த இடத்து வழியாகப் போகிறதா? கோர்ட்டிலோ ஸ்டேஷனிலோ தாலுகா அலுவலகத்திலோ மனு உண்டா? கேட்டுவிட்டால் அவர் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிறார். கேட்டதையும் பதிலையும் அக்ரிமென்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.

* இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் விற்பவர் பெயரைப் போட்டு வழக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. வீட்டில் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

* விலை பேசும் முன் சர்வேயரை வைத்து அளந்து, பத்திரத்தின் செக்குபந்தியும் புல வரைபடமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

தரகருக்குக் கமிஷன் கிடைத்ததும் அவர் வேலை முடிந்தது. பத்திர எழுத்தருக்கு மை காய்ந்ததும் முடிந்தது. அந்த வீட்டில் விடிந்து எழுந்து கோலம் போடுகிறவளுக்குத்தான் அன்றைக்குத் தொடங்குகிறது. ஆளில்லாத நேரத்தில் சுவர் ஓரம் நின்று கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லப் போவதும், சம்மன் வந்தால் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் வரும்வரை பயந்து உட்கார்ந்திருக்கப் போவதும் அவள்தான். நகையை அடகு வைத்து வந்திருக்கிறாள் என்பதை மறக்க வேண்டாம்.

எனவே சகோதரிகளே, அடுத்த தடவை உங்கள் வீட்டுக்கு யாராவது வீடு பார்க்க வந்தால் காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். கூடவே நின்று, அந்தப் பெண்ணைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய், எது எங்கே தகராறு என்று காட்டிவிட்டு விலையைப் பேசுங்கள்.

- ஒரு வாசகி, நல்லம்பள்ளி, தர்மபுரி மாவட்டம்.